பழைய ஸ்கூட்டரின் பின்புறச் சத்தம்

(சிம்பாங் பூலாய் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு உரியதாகச் சிலருக்குத் தோன்றாமல் இருக்கலாம். ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் எழும் சத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கும் ஓர் உரையா என்று கேட்கலாம். ஆயினும் இம்மண்டபத்திற்கு வெளியே நிற்கும் வண்டிகளை ஒரு முறை நோக்குங்கள். கடையிலிருந்து புதிதாக வந்தவை சில. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி வந்தவையே பல. விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்வதும் அந்த வண்டியில்தான். பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டு விடுவதும், காய்ச்சல் கண்டவரை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான்.

அத்தகைய வண்டியின் பின்பக்கத்தில் ஒரு சத்தம் எழும்போது நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறோம். அல்லது பட்டறைக்குக் கொண்டு சென்று, "பின்னால் சத்தம் வருகிறது, பார்த்துச் செய்யுங்கள்" என்று ஒப்படைத்துவிட்டு வருகிறோம். முன்னது உயிருக்குக் கேடு. பின்னது சம்பளத்துக்குக் கேடு.

ஒருவர் பின் அதிர்வுதாங்கியை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் போகவில்லை. டயரை மாற்றுகிறார், அப்பொழுதும் போகவில்லை. மூன்றாம் மாதம் என்ஜினைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றிய பிறகே சத்தம் நிற்கிறது. பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று அவர் சொல்வார். ஆனால் பட்டறைக்காரருக்குத் தெரிவிக்கப்பட்டது என்ன? "சத்தம் வருகிறது" என்பது மட்டுமே. அந்தச் சத்தம் எப்பொழுது வருகிறது, எப்பொழுது நிற்கிறது என்று சொல்லியிருந்தால் முதல் நாளிலேயே வேலை முடிந்திருக்கும்.

சத்தத்தின் வடிவத்தைக் காட்டிலும் அது எழும் வேளையே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. கடகட, கிறீச்சு, உறுமல் என்று அவரவர் காதுக்கு ஏற்றபடி பெயரிடலாம். பெயரை வைத்துக்கொண்டு பழுதைக் கண்டுபிடிக்க இயலாது. சக்கரம் சுழலும்போது மட்டும் வருகிறதா? வண்டி நின்றிருக்க என்ஜின் மட்டும் ஓடும்போதும் வருகிறதா? பள்ளத்தில் இறங்கும்போதா? பிரேக்கை மிதிக்கும்போதா? பின்னால் ஆள் ஏறினால் மட்டுமா? இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் பாதிப் பழுதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார் எனலாம்.

இது உங்களுக்குப் புதிய கலை அன்று. பால்வெட்டுக் கத்தி பட்டையைச் சீவிச் செல்லும் ஓசை வேறு. ஆழம் கூடிக் கட்டையைத் தொட்டுவிட்ட ஓசை வேறு. இருட்டில் தலைவிளக்குடன் வெட்டிப் பழகியவருக்கு அதைப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. அந்தக் காதையே வண்டியின் பக்கம் சற்றுத் திருப்பினால் போதும்.

முதலில் வண்டியின் அமைப்பைக் காண்போம். இத்தாலி நாட்டுப் பியாஜியோ நிறுவனம் 1946ஆம் ஆண்டில் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. வெஸ்பா என்றால் அவர்கள் மொழியில் குளவி. அதனை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிள்களை அவருக்குப் பிடிக்காது. எண்ணெய் தெறித்து உடையை அழுக்காக்கும் சங்கிலி அவருக்குச் சிறிதும் பிடிக்காது. எனவே சங்கிலியையே நீக்கிவிட்டு, என்ஜின், கியர்ப்பெட்டி, பின்சக்கரம் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாகச் சேர்த்துவிட்டார். கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் முனையிலேயே பின்சக்கரத்தின் டிரம் மாட்டப்பட்டிருக்கும். இத்தொகுதி முழுவதும் முன்புறத்தில் ஒரு நீண்ட போல்ட்டைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். பின்புறத்தில் ஓர் அதிர்வுதாங்கி அதனைத் தாங்கும். 1977ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய பி.எக்ஸ். வரிசை வண்டிகளிலும் இதே அமைப்புத்தான்.

இதனால் விளையும் நன்மை, சங்கிலித் தொல்லை இல்லை என்பது. தொல்லை, எல்லாச் சத்தமும் ஒரே மூலையிலிருந்து வருவதாகக் காதுக்குத் தோன்றும் என்பது. இருக்கைக்கு அடியில் ஒரு முழ நீளத்திற்குள் என்ஜின், கிளட்ச், கியர், பேரிங், பிரேக், டயர், புகைக்குழாய், ஸ்டாண்டு அனைத்தும் நெருங்கி இருக்கின்றன. அவற்றைப் பிரித்து அறிவதற்கே முறை தேவைப்படுகிறது.

சோதனை செய்யும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சிம்பாங் பூலாய் நாற்சந்தி அதற்கு உரிய இடம் அன்று. ஈப்போவிலிருந்து கோப்பெங் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையும், கேமரன் மலைக்கு ஏறும் சாலையும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நுழைவாயிலும் இங்கே அருகருகே இருக்கின்றன. சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து கல் ஏற்றி வரும் லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடி ஓட்டுகிறவருக்கு அந்தச் சாலையில் இடமில்லை. தோட்டத்து உட்சாலையில், வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில், தலைக்கவசம் அணிந்துகொண்டு செய்யுங்கள். தலைக்கவசம் 1973ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம் என்பதைச் சத்தம் கேட்பதற்காக மறந்துவிட வேண்டாம்.

ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் பழகிய கை அதைத்தான் முதலில் தேடுகிறது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த வேலைக்கு அதைவிட மலிவான கருவி இல்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியை நடை வேகத்தில் தள்ளிச் செல்லுங்கள். பத்து அங்குல ரிம் உடைய வெஸ்பாவின் பின்சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 1.35 மீட்டர் நகரும். அதாவது, மெல்ல நடக்கும்போது சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுச் சுழலும். சுண்ணாம்புக் கோடு மேலே வரும் ஒவ்வொரு முறையும் சத்தம் வந்தால், அந்தச் சத்தம் சக்கரத்தோடும் டிரம்மோடும் தொடர்புடையது. டயரில் ஒரு வீக்கமாக இருக்கலாம், ரிம் நெளிந்திருக்கலாம், டிரம் வட்டம் கெட்டுப் பிரேக் கட்டையில் ஓரிடத்தில் மட்டும் உரசலாம். கோட்டைப் பார்த்தபடி நான்கைந்து சுற்றுத் தள்ளினாலே புலப்பட்டுவிடும்.

என்ஜினின் கணக்கு வேறு. நின்ற நிலையில் மெதுவாக ஓடும் என்ஜினும் நொடிக்குப் பதினாறு முறைக்குக் குறையாமல் சுழலும். ஆகவே தனித்தனியாக எண்ணக்கூடிய சத்தம் பெரும்பாலும் சக்கரத்தின் சத்தம். எண்ண முடியாமல் தொடர்ந்து வரும் சத்தம் என்ஜினுடையதாகவோ பேரிங்குடையதாகவோ இருக்கும்.

இவ்விரண்டையும் பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் இருக்கிறதா? கிளட்ச் பிடியை இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் சத்தம் மாறினாலோ நின்றாலோ பழுது கிளட்ச்சின் பக்கத்தில் இருக்கிறது. நின்ற வண்டியில் எவ்விதச் சத்தமும் இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால், இலேசான இறக்கம் ஒன்றில் நியூட்ரலில் என்ஜினை அணைத்துவிட்டு உருளவிடுங்கள். சாவியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கைப்பிடி பூட்டிக்கொண்டால் வண்டி நேரே காணுக்குள் போய்விழும். என்ஜின் ஓசை அடங்கிய அந்த அமைதியில், வேகத்தோடு கூடியும் குறைந்தும் வரும் ஓர் உறுமல் கேட்குமாயின், பின்தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். அவ்வாறு உருளும்போது ஒன்றும் கேட்கவில்லை, கியரில் போட்டு ஓட்டினால் மட்டும் கேட்கிறது என்றால், கியர்ப் பற்களையும் கியர் மாற்றும் உறுப்பையும் பார்க்க வேண்டும்.

இனி, இன்றைய உரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பின்சக்கரத்தின் நடு நட்டைப் பற்றி நீங்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

டிரம்மின் நடுத்துளையிலும் கியர்த் தண்டின் மீதும் நீளவாட்டில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றனுள் ஒன்று பொருந்தும். அவை பொருந்தி நிற்பதற்குக் காரணம் தண்டின் முனையில் உள்ள நட்டு. அந்த நட்டுத் தானாகக் கழன்றுவிடாமல் ஒரு மூடியும், தண்டின் துளையில் குறுக்கே செருகிக் கால்களை விரித்து மடக்கும் பூட்டுப்பின்னும் இருக்கும். பி.எக்ஸ். வண்டியில் இந்த நட்டைச் சுமார் 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்க வேண்டும். எளிதாகச் சொன்னால், ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் இறுக்கம் அது. வீட்டில் இருக்கும் ஒரு சாண் ஸ்பேனரால் அந்த இறுக்கம் வருவது அரிது.

நட்டு இளகினால் நிகழ்வது இதுதான். வண்டியைக் கிளப்பும்போது டிரம் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. பிரேக்கை மிதிக்கும்போது மறு பக்கம் தள்ளப்படுகிறது. இறுகப் பொருந்தியிருந்த பற்கள் ஒன்றோடொன்று இடிக்கத் தொடங்குகின்றன. அப்பொழுது "டக்" என்று ஒரே ஒரு சத்தம் எழும். வேகம் கூட்டும்போது ஒரு டக். குறைக்கும்போது ஒரு டக். சாலையில் சீராக ஓடும்போது ஒன்றுமே கேட்காது. அதனால்தான் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் அந்த இடி விழ விழப் பற்கள் தேயும். தேய்ந்த இடைவெளியால் இடி வலுக்கும். முடிவில் பற்கள் வழித்துப்போய், என்ஜின் ஓடியும் சக்கரம் சுழலாமல் வண்டி நின்றுவிடும். அதுவே நல்ல முடிவு. பூட்டுப்பின் இல்லாத வண்டியாயின் நட்டு முழுவதும் கழன்று சக்கரமே தனியே போய்விடும். பின்னால் மனைவியும் நடுவில் குழந்தையும் அமர்ந்திருக்கும்போது அது நிகழ்ந்தால் என்னாகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இதனைக் கண்டறியச் சுண்ணாம்புக் கட்டியே போதும். என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைக் கியரில் போடுங்கள். சக்கரத்தின் நடுமூடியைக் கழற்றினால் தண்டின் முனை தெரியும். அந்த முனையிலிருந்து டிரம்மின் முகப்பு வரை ஒரு நேர்கோடு இழுங்கள். பின்பு சக்கரத்தை முன்னும் பின்னும் கையால் அசையுங்கள். கியர்ப் பற்களுக்கு இடையே சிறிது இடைவெளி உண்டு. ஆதலால் தண்டும் டிரம்மும் சேர்ந்து சற்று அசைவது இயல்பு. ஆனால் கோடு இரண்டாக முறிந்து, டிரம் மட்டும் அசைந்து தண்டு அசையாமல் நின்றால், அந்த வண்டியை அன்று மேலும் ஓட்டக் கூடாது. பற்கள் நன்றாக இருந்தால் நட்டை முறைப்படி இறுக்கிப் புதிய பூட்டுப்பின் போட்டால் தீர்ந்துவிடும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடியும் மடக்கிச் செருகுவது வேண்டாம். இருமுறை மடங்கிய கம்பி மூன்றாம் முறை முறியும். சில காசு பெறுமான பொருளில் சிக்கனம் பார்ப்பது சிக்கனம் ஆகாது. பற்கள் தேய்ந்திருந்தால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. டிரம்மை மாற்றியே ஆக வேண்டும், தண்டின் பற்களையும் பார்க்க வேண்டும்.

சக்கரத்தை டிரம்மோடு பிணைக்கும் நட்டுகள் வேறு இருக்கின்றன. அவை இளகினாலும் சக்கரம் ஆடிக் கடகடவென்று ஒலிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. வெஸ்பாவின் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு நட்டுகளால் இணைக்கப்பட்டது. சக்கரத்தை டிரம்மோடு பிணைப்பவை ஒரு தொகுதி. ரிம்மின் இரு பாதிகளைப் பிணைப்பவை மற்றொரு தொகுதி. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாம் தொகுதி நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். எது எந்த நட்டு என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே ஸ்பேனரைத் தொடுங்கள்.

அடுத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும் சோதனை. இவ்வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் என்ஜினின் பாரத்தால் பெரும்பாலும் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் முன்புறத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பின்சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்ட வேண்டும். சக்கரம் மட்டும் ஆடி என்ஜின் ஆடாமல் நின்றால், பழுது நட்டிலோ பேரிங்கிலோ இருக்கிறது. சக்கரமும் என்ஜினும் ஒன்றாகச் சேர்ந்து வண்டியின் உடலுக்குள் ஆடினால், பழுது என்ஜினைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷில் இருக்கிறது. ஓட்டும்போது இதன் அறிகுறி, பள்ளத்தில் விழுந்து எழும்போது வரும் மொத்தென்ற இடியும், வளைவில் பின்பக்கம் மீனின் வாலைப் போல் இழுபடுவதும் ஆகும்.

இந்த ரப்பர் புஷ்ஷைப் பற்றி உங்களிடம் இரண்டு சொல் கூடுதலாகச் சொல்ல நமக்கு ஆசை. அதிர்வைத் தாங்கவும், ஆயிரக்கணக்கான முறை நசுங்கி மீளவும் இயற்கை ரப்பருக்கு இருக்கும் ஆற்றலால், என்ஜின் தாங்கிகளுக்கு இன்றும் உலகெங்கும் அதனை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் வெட்டி இறக்கும் பால் எங்கோ ஓர் ஆலையில் இந்த உருவம் பெற்று உங்கள் வண்டிக்கே திரும்பி வந்திருக்கவும் கூடும். அந்த ரப்பருக்கு ஒரு பகை உண்டு. அது எண்ணெய். கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, வலுவிழந்துவிடும். ஆதலின் புஷ் கிறீச்சிடுகிறது என்று என்ஜின் எண்ணெயை அதன் மேல் ஊற்றுவது, தலைவலிக்குத் தலையை வெட்டுவது போன்றது. சோப்பு நீரைச் சிறிது தடவிப் பாருங்கள். கிறீச்சு நின்றால் சத்தத்தின் இடம் உறுதியாயிற்று. கியர்ப்பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து அப்பக்கம் படிவதாக இருந்தால், கசிவை அடைக்காமல் புதிய புஷ் போடுவது வீண்செலவு.

பட்டறைகளில் அப்சோர்பர் எனப்படும் அதிர்வுதாங்கிக்கும் பள்ளத்தில்தான் சத்தம் வரும். ஆகவே புஷ்ஷோடு இது குழம்புவது இயல்பு. வண்டியின் பின்பக்கத்தை இரு கைகளாலும் அழுத்திவிட்டு எடுங்கள். ஒரு முறை எழுந்து அமைதியானால் அதிர்வுதாங்கி நலமாக இருக்கிறது. படகைப் போல் மூன்று நான்கு முறை ஆடினால் அதனுள் எண்ணெய் போய்விட்டது. ஆட்டம் இல்லை, ஆனால் அழுத்தும்போதே ஒரு "கிளிக்" கேட்கிறது என்றால், மேல் ரப்பரோ கீழ்ப் போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. முழு அதிர்வுதாங்கியையும் மாற்றச் சொல்லும் முன் அந்தப் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள்.

பிரேக் சத்தம் இந்த வட்டாரத்தில் அதிகம். செம்மண் சாலைத் தூளும், கல்குவாரிப் பக்கத்தின் வெண்தூளும் டிரம்முக்குள் சேர்ந்து, கட்டைக்கும் டிரம்முக்கும் இடையே உரசிக் கிறீச்சிடும். டிரம்மைத் திறந்து ஈரத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது; பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம்; அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. கட்டை தேய்ந்து உலோகம் உலோகத்தில் உரசும் ஓசை வேறு. அது கிறீச்சு அன்று, அரைக்கும் ஓசை. கேமரன் மலைப் பாதையில் இறங்குகிறவர் அந்த ஓசையைக் கேட்டபடி இறங்கக் கூடாது. டிரம்மைத் திறந்தபோது உள்ளே எண்ணெய் ஈரம் தென்பட்டால், தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய்த் தடுப்பு பழுதாகியிருக்கிறது. கட்டையை மட்டும் மாற்றினால் புதிய கட்டையும் ஒரு வாரத்தில் எண்ணெயில் ஊறும்.

உயிருக்கு இடையூறு செய்யாத சத்தங்கள் எத்தனையோ உண்டு. பக்க மூடி ஆடும். ஸ்டாண்டின் வில் இளகித் தட்டும். மாற்றுச் சக்கரம் கட்டவிழ்ந்து உள்ளே முட்டும். கருவிப் பையிலிருந்து ஸ்பேனர் உருளும். ஓடும்போது பின்னால் அமர்ந்தவர் பக்க மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்கட்டும். சத்தம் நின்றால் அதுவே திருடன். புகைக்குழாயின் பிடி தளர்ந்தால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் "சிர்" என்று அதிரும், அதற்கு மேலும் கீழும் அடங்கும். ஆனால் அது டயரை உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். உரசினால் அது இந்தப் பட்டியலில் சேராது.

கியர்ப்பெட்டிக்கு வருவோம். பி.எக்ஸ். வண்டியின் கியர்ப்பெட்டி கொள்ளும் எண்ணெய் 250 மில்லிலிட்டர்தான். ஒரு பெரிய கோப்பை அளவு. அது குறைந்தால் கியர் ஊளையிடும். எண்ணெயை மாற்றும்போது வடியும் பழைய எண்ணெயை விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். பளபளக்கும் மெல்லிய தூள் ஓரளவு இருப்பது வழக்கம். கையில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது கியர் "படார்" என்று நழுவி நியூட்ரலுக்கு வந்தால், கியர்களைப் பற்றும் சிலுவை வடிவ உறுப்பின் முனைகள் தேய்ந்துவிட்டன. கம்பியை இறுக்கிப் பார்த்தும் நழுவினால், அதற்கு என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. வாங்கும் முன் இது தெரிந்தால் விலையில் கழித்துக் கேட்கலாம். வாங்கிய பின் தெரிந்தால் பையிலிருந்து கழிக்க வேண்டும்.

உங்களில் பலரிடம் ஸ்கூட்டர் இல்லை, கப்சாய்தான் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியே அவ்வினத்தின் மூதாதை; 2017ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. அதில் சங்கிலி உண்டு. சங்கிலிச் சத்தத்திற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பின் பல்சக்கரத்தில் 36 பற்களும் சங்கிலியில் 100 கண்ணிகளும் இருந்தால், சக்கரம் ஏறத்தாழ மூன்று சுற்றுச் சுற்றும்போதுதான் சங்கிலி ஒரு முறை சுற்றி வரும். எனவே சுண்ணாம்புக் கோடு மூன்று முறை வந்து ஒரு முறை "கடக்" என்றால், சங்கிலியில் ஒரு கண்ணி இறுகியோ நீண்டோ இருக்கிறது. அந்தக் கண்ணியைத் தேடிப் பிடிக்கலாம். மற்றபடி, பின்சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர்த் துண்டுகள் தேய்ந்தாலும், வண்டியைக் கிளப்பும்போது நாம் முன்பு சொன்ன "டக்" போலவே ஒலிக்கும். அது அத்துணை ஆபத்தானது அன்று. எனினும் அப்படியே விடத்தக்கதும் அன்று.

கியர் மாற்ற வேண்டாத தானியங்கி ஸ்கூட்டர்களில் இடப்பக்க மூடிக்குள் ஒரு வார்ப்பட்டை ஓடும். வேகம் எடுக்கும்போது நடுங்கிக்கொண்டு கிளம்புவது கிளட்ச்சின் குறை. பட்டை மூடிக்குள் தட்டும் ஓசை உருளைகளின் தேய்மானம். அறுந்த பட்டை வழியில் நிறுத்திவிடும். அதனால் கையேடு சொல்லும் தொலைவில் அதை மாற்றிவிடுவதே முறை. பின்சக்கரத்தருகே சிறிய கியர்ப்பெட்டி ஒன்று தனியாக உண்டு. அதற்கும் எண்ணெய் உண்டு என்பது பல உரிமையாளர்களுக்குத் தெரியாது.

இனி, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தலைக்கவசம் அணிந்து காற்றை எதிர்த்து ஓட்டுகிறவருக்குக் கேட்காத பின்சக்கரச் சத்தம், அதன் மேலேயே அமர்ந்திருக்கும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். இருக்கையின் வழியாக அதிர்வும் உங்களுக்கே முதலில் தெரியும். ஆகவே, "ஏதோ தட்டுகிறது" என்று நீங்கள் சொல்லும்போது அதனைத் தட்டிக்கழிக்கும் கணவர்மார்கள் தங்கள் இரண்டாம் காதை இழக்கிறார்கள். நீங்கள் ஏறினால் மட்டும் சத்தம் வருகிறது என்றால், அதற்கு உங்கள் எடையைக் குறை கூற வேண்டியதில்லை. காற்றுக் குறைந்த டயரோ வலுவிழந்த அதிர்வுதாங்கியோ பாரத்தில் தாழ்ந்து, டயர் உட்புறத் தகட்டை உரசுகிறது. சக்கரத்தின் மேற்புற உள்தகட்டில் பெயிண்டு வழித்துப் பளபளக்கும் இடம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தால் சான்று கிடைத்துவிடும். ஒட்டுப்பால் மூட்டையை ஏற்றிச் செல்லும் சிறுதோட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

பழைய வண்டி வாங்கச் செல்கிறவர்கள், நாம் வரும் வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடேறிய என்ஜின் சில சத்தங்களை மறைக்கும். மிகத் தடித்த எண்ணெயை ஊற்றிக் கியர் ஓசையை அமுக்குவது பழைய வித்தை; எண்ணெய்த் திருகைக் கழற்றிச் சிறிது வடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். பெருஞ்சத்தமிடும் மாற்றுப் புகைக்குழாய் பொருத்திய வண்டியில் வேறு எந்தச் சத்தமும் உங்கள் காதில் விழாது. அதை வாங்கும் எண்ணம் இருந்தால் என்ஜினை அணைத்து இறக்கத்தில் உருட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். சட்டக எண்ணும் என்ஜின் எண்ணும் கிராண்டில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றத்தையும் முறையாக முடித்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குச் செல்லும்போது ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிச் செல்லுங்கள். "நின்ற நிலையில் சத்தம் இல்லை. கியரில் கிளப்பும்போதும் பிரேக் மிதிக்கும்போதும் ஒரு டக். உருளும்போது இல்லை. சுண்ணாம்புக் கோடு முறிகிறது." இவ்வளவு போதும். பழகிய பட்டறைக்காரர் தாளைப் படித்தவுடன் நேராக நடு நட்டுக்குப் போவார். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நட்டை இறுக்கியிருந்தால் கோட்டை மறுபடியும் போட்டுவிடுங்கள். இம்முறை மழையில் அழியாத பெயிண்டால் போடுவது நல்லது. ஒரு வாரம் ஓடிய பிறகு பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் அடுத்த மாதம் பார்த்தால் போதும்; முறிந்திருந்தால் அன்றே பட்டறைக்குத் திரும்புங்கள்.